தண்டுவடம் அடிபட்டவருக்கு ஏன் அடிக்கடி காய்ச்சல்?

கேள்வி: என் கணவருக்கு வயது 41. பெயின்டிங் வேலை செய்துவந்தார். இரண்டு வருடத்துக்கு முன்பு சாரத்திலிருந்து விழுந்ததில் தண்டுவடம் டி-4 என்ற இடத்தில் முழுமையாக அடிபட்டுவிட்டது. மார்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. கைகள் நன்றாக வேலை செய்கின்றன. அன்றிலிருந்து யூரின் டியூப் போட்டிருக்கிறோம். இந்த ஒரு வருடத்தில் மூன்று முறை காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு முறை நிமோனியா, இரண்டு முறை சிறுநீரில் கிருமி. தண்டுவடம் அடிபட்டால் நோய் எதிர்ப்புச் சக்தி போய்விடும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். ஆனால் ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணுக்கள் சரியாக இருப்பதாகச் சொல்கிறார்கள். எதை நம்புவது? சிறுநீர் கலங்கலாக வந்தால் பழைய மருந்துச் சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடுகிறேன், அது சரியா? எதிர்ப்புச் சக்திப் பொடி என்று டப்பா 2,800 ரூபாய்க்கு ஒன்று விற்கிறார்கள். டப்பாவில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று எழுதவில்லை. வாங்கலாமா? தடுப்பூசி போடலாமா? பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை அவரிடமிருந்து தள்ளி வைக்க வேண்டுமா?
— ஒரு வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்களுக்குத் தெரிந்தவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. தண்டுவடக் காயம் நோய் எதிர்ப்பாற்றலைத் தளர்த்துகிறது என்பதற்குக் கடந்த இருபது ஆண்டுகளில் வலுவான ஆய்வுச் சான்றுகள் சேர்ந்திருக்கின்றன. ஆனால் எதிர்ப்பாற்றல் 'போய்விடுவதில்லை'. எச்.ஐ.வி. தொற்றில் நேர்வதைப் போல எதிர்ப்பணுக்கள் நாளடைவில் அழிந்து தீர்ந்துபோகும் நிலை இது அன்று. அணுக்கள் இருக்கின்றன, அவற்றை நெறிப்படுத்த மூளையிலிருந்து வரவேண்டிய நரம்புக் கட்டளைதான் வழியில் அறுபட்டிருக்கிறது. பொடிக்கு ஒதுக்கிய பணத்தையும் உங்கள் உழைப்பையும் எங்கே செலுத்துவது என்பது இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது என்பதால், காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தண்டுவடத்தைக் கைகால்களை அசைக்கவும் தொடுவுணர்வைக் கொண்டுசெல்லவும் உள்ள பாதையாகவே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். ரத்த அழுத்தம், வியர்வை, குடலின் அசைவு போன்ற, நம் விருப்பத்துக்குக் காத்திராத வேலைகளைக் கவனிக்கும் தானியங்கி நரம்புகளுக்கும் அதுதான் பாதை. அவற்றில் பரிவு நரம்புகள் என்ற பிரிவு, மார்புப் பகுதியின் டி-1 முதல் இடுப்புப் பகுதியின் எல்-2 வரையிலான நிலைகளிலிருந்துதான் தண்டுவடத்தை விட்டு வெளியே வருகிறது. அங்கிருந்து புறப்படும் நரம்புகள் இதயத்துக்கும் ரத்தக் குழாய்களுக்கும் போவதோடு, அட்ரினல் சுரப்பிக்கும், இடப்பக்க விலா எலும்புகளுக்கு அடியில் இருக்கும் மண்ணீரலுக்கும் போகின்றன. மண்ணீரல் என்பது லிம்போசைட் எனப்படும் எதிர்ப்பணுக்கள் பெருந்தொகையாகத் தங்கி, ரத்தத்தில் வரும் கிருமிகளைக் கண்டறிந்து, அவற்றுக்கெதிரான எதிர்ப்புப் புரதங்களை உருவாக்கும் உறுப்பு. அங்கே நரம்பு முனைகள் சுரக்கும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளை உணர்ந்துகொள்ளும் ஏற்பிகள் அந்த அணுக்களின் மேலேயே இருக்கின்றன. அளவோடு சுரக்கும்போது அது அணுக்களை ஒழுங்குபடுத்துகிறது. அளவு மீறினால் அடக்கிவிடுகிறது.

உங்கள் கணவருக்கு அடிபட்ட இடம் டி-4. மண்ணீரலுக்குப் போகும் நரம்புகளில் பெரும்பாலானவை அந்த நிலைக்குக் கீழேதான் புறப்படுகின்றன. ஆகவே அவை உயிரோடு இருந்தும் மூளையின் கட்டுப்பாட்டில் இல்லை. இதே விபத்தில் டி-10 அல்லது அதற்குக் கீழே அடிபட்டிருந்தால், கால்கள் செயலிழந்திருந்தாலும் மண்ணீரலுக்கான நரம்புத் தொடர்பு பெருமளவு தப்பியிருக்கும். அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் எலிகளிடம் இதைத்தான் காட்டினார்கள்: டி-3 நிலையில் காயப்பட்ட எலிகளின் எதிர்ப்புப் புரத உற்பத்தி குன்றியது, டி-9 நிலையில் காயப்பட்டவற்றுக்கு அவ்வாறு ஆகவில்லை.

இதைவிட முக்கியமான பகுதி இனிமேல்தான் வருகிறது. மூளையின் கட்டுப்பாடு இல்லாத அந்தக் கீழ்ப்பகுதித் தண்டுவடம் சும்மா இருப்பதில்லை. சிறுநீர்ப்பை நிறைந்து விம்மினாலோ, மலம் இறுகிக் குடல் உப்பினாலோ, அவர் அறியாமலேயே ஒரு புண் உருவாகிக்கொண்டிருந்தாலோ, அந்தத் தூண்டல் தண்டுவடத்தில் ஏறி, அங்கிருந்தே பரிவு நரம்புகளை முடுக்கிவிடுகிறது. மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு அணைக்க ஆளில்லாமல் போனால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் நடக்கிறது. தூண்டிவிட வழி இருக்கிறது, நிறுத்தச் சொல்லும் மூளையின் கட்டளை வந்துசேர வழியில்லை. ரத்த அழுத்தம் திடீரென்று ஏறுகிறது. அதே வேளையில் மண்ணீரலில் நார்அட்ரினலின் மட்டுமீறிக் கொட்டுகிறது. கார்டிசால் என்ற ஹார்மோனும் கூடுகிறபோது இரண்டும் சேர்ந்து லிம்போசைட்டுகளை மாய்க்கின்றன. இத்தகைய அழுத்த எழுச்சிகள் திரும்பத் திரும்ப வருவதே நாள்பட்ட எதிர்ப்பாற்றல் குறைவுக்குக் காரணமாகிறது என்பதை அதே பல்கலைக்கழகக் குழு 2013-இல், மறுபடியும் எலிகளைக் கொண்டு, நிறுவியது.

எலிகளிடம் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிடக் கூடாது என்பது சரிதான். ஆயினும் மனிதரிடம் காண்பவை இதற்கு முரணாக இல்லை. காயம்பட்ட முதல் சில நாள்களிலேயே ரத்தத்தில் லிம்போசைட்டுகள் குறைவதும், உயரமான நிலையில் முழுமையாக அடிபட்டவர்களுக்கு நிமோனியா கூடுதலாக வருவதும் பதிவாகியிருக்கின்றன. மருத்துவர்களாகிய நாங்கள் சிறுநீர்ப்பை, குடல், தோல் ஆகியவற்றைப் பற்றி நோயாளிகளிடம் ஓயாமல் பேசுவது கிருமி நுழையும் வாசல்களை அடைப்பதற்காக மட்டுமன்று. அவற்றைச் சீராக வைத்திருந்தால் எதிர்ப்பாற்றலை அடக்கும் தூண்டல்களும் குறைகின்றன. என் மதிப்பீட்டில், உங்கள் கணவருக்குக் கிடைக்கக்கூடிய 'எதிர்ப்புச் சக்தி மருந்து' இதுதான்.

ரத்தப் பரிசோதனை ஏன் சரியாக வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பரிசோதனை, ஊசி குத்திய நேரத்தில் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்த அணுக்களை எண்ணுகிறது. உடலின் லிம்போசைட்டுகளில் மிகச் சிறிய பங்குதான் எந்நேரமும் ரத்தத்தில் இருக்கும். மற்றவை மண்ணீரலிலும் நிணநீர் முடிச்சுகளிலும் பிற திசுக்களிலும் இருக்கின்றன. எண்ணிக்கை சரியாக இருப்பதால் அவை சரியாக வேலை செய்கின்றன என்று ஆகிவிடாது. இதன் மறுபக்கமும் உண்டு: டியூப் போட்டிருப்பவர்களுக்கும் படுக்கைப்புண் உள்ளவர்களுக்கும் சி.ஆர்.பி. போன்ற அழற்சிக் குறியீடுகள், காய்ச்சல் எதுவும் இல்லாத நாளிலும் சற்றுக் கூடுதலாகவே இருக்கக்கூடும். ஆகையால் அவர் நலமாக இருக்கும் ஒரு நாளில் அவற்றை எடுத்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

எல்லாவற்றையும் எதிர்ப்பாற்றலின் தலையில் ஏற்றிவிடவும் கூடாது. இருமும்போது உந்தித்தள்ளும் வயிற்றுத் தசைகளுக்கான நரம்புகள் டி-6 முதல் கீழே புறப்படுவதால், உங்கள் கணவரால் மூச்சை நன்றாக இழுக்க முடிந்தாலும் சளியை வெளியேற்றும் அளவுக்கு வலுவாக இரும முடியாது. நுரையீரலில் தேங்கும் சளி நிமோனியாவுக்கு நேர்வழி. சிறுநீர்க் குழாயோ, வெளியுலகிலிருந்து சிறுநீர்ப்பைக்குள் போட்ட நிரந்தரப் பாலம். எதிர்ப்பாற்றல் முழுமையாக இருக்கும் ஒருவருக்கு இந்த இரண்டையும் கொடுத்தாலும் அவருக்கும் தொற்று வரத்தான் செய்யும்.

இனி, மாத்திரை விஷயம். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைக்குள்ளாக்கிய வரி இதுதான். தயவுசெய்து இன்றோடு நிறுத்திவிடுங்கள். நிரந்தரமாக டியூப் போட்டிருப்பவர்களில் ஏறக்குறைய எல்லோருடைய சிறுநீரிலும் ஒரு மாதத்துக்குள் கிருமிகள் குடியேறிவிடுகின்றன. அவை இருப்பது வேறு, நோயை உண்டாக்குவது வேறு. கலங்கல், வாடை, படிவு ஆகியவை மட்டும் இருந்து, வேறு தொல்லை எதுவும் இல்லையென்றால் ஆன்டிபயாடிக் தேவையில்லை. நீர் போதுமான அளவு குடிக்கிறாரா என்று பார்த்தால் போதும். காய்ச்சல், நடுக்கம், வழக்கத்துக்கு மாறாகக் கால்கள் வெட்டி இழுப்பது, டியூபைச் சுற்றிச் சிறுநீர் கசிவது, காரணமில்லாத தலைவலியும் வியர்வையும், எழவே முடியாத சோர்வு — இவற்றில் ஏதேனும் சேர்ந்து வந்தால்தான் அது நோய். ஒவ்வொரு கலங்கலுக்கும் மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தால், அந்த மருந்துக்கு அடங்கும் கிருமிகள் செத்து, அடங்காதவை மட்டும் தங்கிவிடும். பிறகு உண்மையாகவே ரத்தத்தில் கிருமி பரவும் நாளில், ஊசி வழியே ஏற்றும் கடைசி வரிசை மருந்துகளைத் தவிர வேறு எதுவும் வேலை செய்யாமல் போகலாம். எந்தக் கிருமி என்று கண்டறியும் யூரின் கல்ச்சர் எடுக்க நேர்ந்தால், பையில் தேங்கிய சிறுநீரைக் கொடுக்காதீர்கள். டியூப் போட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால், அதை மாற்றிவிட்டுப் புதிய டியூபின் வழியே வரும் சிறுநீரை எடுப்பதே சரியான முறை.

ஆனால் இரண்டு ஆண்டுகளாக ஏன் டியூப் இருக்கிறது என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு மருத்துவமனையிலிருந்து டியூபோடு அனுப்பப்படுகிறவர்கள் பலருக்கு, அதைப் பற்றி மறுபரிசீலனை செய்ய யாரும் இல்லாமல் அதுவே நிலைத்துவிடுகிறது. உங்கள் கணவரின் கைகள் நன்றாக இயங்குவதால், 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை அவரே கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றி, உடனே எடுத்துவிடும் முறைக்கு அவர் பொருத்தமானவர் என்றே தோன்றுகிறது. கையைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு, வழவழப்பான ஜெல் தடவிச் செய்யும் இந்த முறை 1972 முதல் உலகெங்கும் நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வெளியேறும் அளவு 500 மில்லிக்கு மிகாமல் இருக்க வேண்டும். அதற்கேற்ப நீரைப் பகல் முழுவதும் பங்கிட்டுக் குடிக்க வேண்டும். இதை நீங்களாகவே தொடங்கிவிடாதீர்கள். சிறுநீர்ப்பையின் உள்ளழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் பரிசோதனையும், சிறுநீரக ஸ்கேனும் செய்த பிறகே முடிவெடுக்க வேண்டும். ஏனெனில் அழுத்தம் மிகுந்த சிறுநீர்ப்பையாக இருந்தால், அதைத் தளர்த்தும் மாத்திரையும் சேர்த்துத் தர வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் சிறுநீரகம் கெடும். சென்னையில் கே.கே. நகரிலுள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் இதற்கான வழிகாட்டலைக் கேளுங்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மறுவாழ்வு நிலையமும் உங்களுக்கு எட்டாத தொலைவில் இல்லை. விபத்தில் தண்டுவடம் அடிபட்டுச் சக்கர நாற்காலியிலிருந்தே மருத்துவம் பார்த்த மேரி வர்கீஸ் கட்டியெழுப்பிய இடம் அது.

அதுவரை டியூப் இருக்கும் காலத்தில், சிறுநீர் சேரும் பை எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே, ஆனால் தரையைத் தொடாமல் இருக்க வேண்டும். ஆட்டோவில் ஏற்றி உட்காரவைத்ததும் டியூப் தொடைக்கு அடியில் மாட்டி மடங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பெரம்பூரிலிருந்து சென்ட்ரல் பக்கம் போய்ச் சேருவதற்குள், மடங்கிய டியூபால் சிறுநீர்ப்பை நிறைந்து, தலை வெடிப்பது போன்ற வலியும், முகத்திலும் கழுத்திலும் வியர்வையும், ரத்த அழுத்த உயர்வும் வந்துவிடக்கூடும். மேலே நான் எழுதிய அழுத்த எழுச்சி இதுதான். அப்படி வந்தால் படுக்கவைக்காதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்துக் கால்களைத் தொங்கவிடுங்கள், இடுப்பு வாரையும் உடையையும் தளர்த்துங்கள், டியூபின் மடிப்பை எடுத்துவிடுங்கள், பை நிறைந்திருந்தால் காலி செய்யுங்கள். சில நிமிடங்களில் அடங்கவில்லை என்றாலோ, மேல் அழுத்தம் 150-ஐத் தாண்டி நின்றாலோ, தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள். மூளையில் ரத்தக் கசிவு வரை போகக்கூடிய நிலை அது.

காய்ச்சலைப் பற்றி ஒரு சொல். அவருக்குக் காயத்துக்குக் கீழே வியர்ப்பதில்லை. கத்திரி வெயிலில், ஓட்டு வீட்டிலோ மொட்டை மாடிக்கு நேர் கீழான அறையிலோ இருந்தால், கிருமி இல்லாமலே உடல் சூடேறித் தெர்மாமீட்டர் 100-ஐத் தாண்டும். முதலில் குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, ஈரத் துணியால் துடைத்து, விசிறியைப் போட்டு, அரை மணி கழித்து மறுபடியும் பாருங்கள். இறங்கிவிட்டால் அது வெயிலின் வேலை. இறங்காவிட்டாலோ, நடுக்கமோ மூச்சுத் திணறலோ மனக்குழப்பமோ கூடவே இருந்தாலோ, தொற்று என்றே கொள்ள வேண்டும். நடுக்கமோ திணறலோ குழப்பமோ இருந்தால் அந்த அரை மணிகூடக் காத்திருக்க வேண்டாம். வயிற்றில் வலி தெரியாது, அடிமுதுகில் வலி தெரியாது என்பதால், அவர் நன்றாக இருப்பதாகச் சொல்வதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்.

நுரையீரலுக்கு இரண்டு வேலைகள். ஒன்று, இருமலுக்குக் கைகொடுப்பது: அவர் மூச்சை ஆழ இழுத்து இருமும் அதே கணத்தில், விலா எலும்புகள் பிரியும் இடத்துக்குக் கீழே உள்ளங்கையை வைத்து உள்ளேயும் மேலேயுமாக அழுத்தித் தள்ளுவது. பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பக்கத்திலிருந்து கற்றுத்தர வேண்டிய முறை இது. சாப்பிட்டவுடன் செய்யக் கூடாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம். இரண்டாவது, தடுப்பூசி. போடலாமா என்று தயங்கியிருக்கிறீர்கள். கட்டாயம் போட வேண்டும். எதிர்ப்பாற்றல் தளர்ந்திருப்பதால் ஊசி பலிக்காது என்றும் சிலர் சொல்வார்கள். தண்டுவடக் காயம் நாள்பட்டவர்களுக்கு ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் போதிய எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்குகின்றன என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இவற்றில் உயிருள்ள கிருமி இல்லாததால் ஊசியே நோயைத் தந்துவிடும் என்ற அச்சமும் வேண்டாம். சென்னையில் ஃப்ளூ பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையோடு கூடுவதால், ஆண்டுதோறும் செப்டம்பருக்குள் ஃப்ளூ ஊசியைப் போட்டுவிடுங்கள். நிமோகாக்கல் ஊசியில் எது, எந்த இடைவெளியில் என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்வார். வீட்டில் அல்லது அவரிடம் பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் நுரையீரலைக் காக்கும் இந்த முயற்சியை அது வீணாக்கிவிடும்.

தோலைப் பற்றி உங்களுக்கு முன்பே சொல்லியிருப்பார்கள். படுக்கையில் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்புவதும், சக்கர நாற்காலியில் கைகளை ஊன்றி அடிக்கடி எழும்புவதும், தினமும் ஒரு முறை பிட்டம், வால் எலும்பு, குதிகால் ஆகியவற்றைக் கைப்பேசியில் படம் எடுத்து அவரிடமே காட்டுவதும் போதும். முதல் உலகப் போர்க் காலத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களைத் தாண்டவில்லை. 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் தனிப் பிரிவு தொடங்கி, நோயாளிகளை இரவும் பகலும் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பவும் சிறுநீர்ப்பையைத் தூய்மையாகக் கவனிக்கவும் வைத்த பிறகு அந்த நிலை மாறியது. எதிர்ப்பாற்றலுக்கும் தண்டுவடத்துக்கும் உள்ள தொடர்பை அப்போது யாரும் ஆராய்ந்திருக்கவில்லை.

பொடி வேண்டாம். கட்டளை அறுந்ததால் வந்த குறையை எந்தப் பொடியும் நிரப்பாது என்பது ஒரு காரணம்; உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத டப்பாவில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், இருக்கிற எதிர்ப்பாற்றலையும் அது அமுக்கிவிடும் என்பது இன்னும் பெரிய காரணம். வைட்டமின் சி மாத்திரைகளை அளவுக்கு மீறிக் கொடுப்பதும் சிறுநீரகக் கல்லுக்கு வழிவகுக்கும். அந்த 2,800 ரூபாய்க்கு முட்டையும் மீனும் பயறும் வாங்குங்கள். புண் ஆறவும் எதிர்ப்புப் புரதம் உருவாகவும் உடலுக்கு வேண்டியது புரதச் சத்துதான். சர்க்கரை, ஹீமோகுளோபின், வைட்டமின் டி ஆகியவற்றைப் பார்த்து, குறை இருந்தால் அதை மட்டும் சரிசெய்தால் போதும்.

பிள்ளைகளைத் தள்ளி வைக்க வேண்டிய அவசியம் சிறிதும் இல்லை. பள்ளியிலிருந்து வந்ததும் கைகால் கழுவிவிட்டு அப்பாவிடம் போகட்டும். சளி, காய்ச்சல் இருக்கும் நாள்களில் மட்டும் முகக்கவசம் போட்டுக்கொண்டு சற்று எட்ட இருக்கட்டும். நீங்களும் பிள்ளைகளும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வது அவருக்குக் கூடுதல் பாதுகாப்பு.

இன்னும் ஒன்று. அவர் நலமாக இருக்கும் நாளில் ரத்த அழுத்தத்தைச் சில முறை அளந்து ஒரு தாளில் எழுதுங்கள்; அதிலேயே காயத்தின் நிலை டி-4 என்பதையும், வழக்கமான உடல் வெப்பத்தையும், டியூப் கடைசியாக மாற்றிய தேதியையும், கடைசி கல்ச்சரில் வந்த கிருமியின் பெயரையும், ஒவ்வாத மருந்துகளையும் குறித்து, சக்கர நாற்காலியின் பின்பையில் எப்போதும் வைத்திருங்கள். இவ்வளவு உயரத்தில் அடிபட்டவர்களில் பலருக்கு 90-க்கும் 110-க்கும் இடைப்பட்ட மேல் அழுத்தமே இயல்பு. அவசரப் பிரிவில் 135 என்று அளந்துவிட்டு 'நார்மல்தான்' என்று ஒருவர் சொன்னால், அந்தத் தாளைக் காட்டி, இவருடைய வழக்கமான அளவைவிட இது மிகவும் கூடியிருக்கிறது, டியூபையும் வயிற்றையும் தோலையும் பாருங்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.